கைப்பின்னல்: வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் பின்னுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டு ஊசி, ஓர் உருண்டை உல்லன். பின்னலுக்கு முதலீடு இவ்வளவுதான். ஆனாலும் ஆசை ஆசையாகப் பின்னிக் கொடுத்த குல்லா பல வீடுகளில் பீரோவை விட்டு வெளியே வருவதில்லை. பின்னத் தெரியாததால் அப்படி ஆவது அபூர்வம். அளவு தப்பியிருக்கும், இல்லாவிட்டால் நூல் குத்தும். அதனால் இங்கே அளவுக்கும் நூலுக்கும் கொஞ்சம் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறோம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் ‘கண்ணி’ என்று எழுதியிருக்கிறோம். வகுப்புகளில் இதையே ஸ்டிச் என்பார்கள்.

முதல்முறையாகப் பின்னப் போகிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?

4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி, ஓர் அடி நீளம். நடுத்தரத் தடிமனில் அக்ரிலிக் நூல் 100 கிராம். நுனி மழுங்கிய, காது பெரிதாக இருக்கும் தையல் ஊசி ஒன்று. தையற்காரர் டேப், கத்தரிக்கோல். கூடவே 3.5 அல்லது 4 மி.மீ. குரோஷா ஊசி ஒன்றையும் வாங்கி வையுங்கள். குரோஷா போடத் தெரியாவிட்டாலும், நழுவிய கண்ணியைத் தூக்க அது வேண்டும்.

நூலின் நிறம் வெளிர் மஞ்சள், இளநீலம் மாதிரி இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி எது, இடைவெளி எது என்று ராத்திரி டியூப்லைட்டில் தெரியாது. பொசுபொசுவென்று முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலும் இப்போதைக்கு வேண்டாம், பிரிக்க வராது.

ஊசி அலுமினியமா, மூங்கிலா என்பது உங்கள் கையைப் பொறுத்தது. கை வியர்க்கிறவர்களுக்கு மூங்கிலில் நூல் ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். உலோகத்தில் வழுக்கி ஓடும். புதிதாகக் கற்பவருக்கோ அந்த வழுக்கல்தான் எதிரி, கண்ணிகள் தானாக நழுவும். சென்னை மாதிரி ஊரில் உலோக ஊசியை எடுத்துக்கொண்டு, மின்விசிறிக்கு அடியில் உட்காருவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். வெள்ளை நூலுக்கு மட்டும், வியர்வை பட்ட அலுமினிய ஊசி சாம்பல் கறை விடுகிறதா என்று முதல் நாலு வரிசையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடது கைப் பழக்கம் இருந்தால்?

எல்லாரையும் போலவே கற்றுக்கொள்ளலாம். பின்னலில் இரண்டு கைக்கும் வேலை உண்டு. கண்ணாடிப் பிம்பம் போலத் திருப்பிக் கற்றால், பிறகு ஒவ்வொரு செய்முறையையும் மனதுக்குள் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வந்த செய்முறையில் 8-ஆம் எண் ஊசி என்று இருந்தது. இங்கே 8 வாங்கிப் பின்னினேன், சின்னதாக வந்துவிட்டது. ஏன்?

இரண்டு எட்டும் ஒன்றல்ல. நம் கடைகளில் புழங்குவது பழைய பிரிட்டிஷ் எண். அதில் எண் கூடக் கூட ஊசி மெலியும்: 7 என்றால் 4.5 மி.மீ., 8 என்றால் 4, 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க எண் நேர்மாறு. அங்கே எண் கூடினால் ஊசி தடிக்கும். அவர்களுடைய 6-தான் நம்முடைய 4 மி.மீ., அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. எண்ணை மறந்துவிட்டு மி.மீ. கணக்கை மட்டும் பாருங்கள். பாட்டி காலத்து ஊசியில் எண் அழிந்துபோயிருந்தால், ஓட்டை போட்ட அளவுத் தகடு பின்னல் சாமான் கடைகளில் கிடைக்கும்.

கடையில் ‘உல்லன்’ என்று கேட்டு வாங்கியது உண்மையில் கம்பளிதானா?

பெரும்பாலும் இல்லை. பேச்சு வழக்கில் உல்லன் என்பது பின்னல் நூலுக்கே பெயராகிவிட்டது. வர்த்தமான், ஓஸ்வால் போன்ற லூதியானா நிறுவனங்களின் நூல்தான் எங்கும் கிடைக்கிறது. மலிவான உருண்டைகளில் இருப்பது அநேகமாக அக்ரிலிக். சுற்றியிருக்கும் தாளில் எத்தனை சதவீதம் என்ன இழை என்று அச்சிட்டிருப்பார்கள், படியுங்கள்.

அக்ரிலிக் மட்டம் என்று நினைக்க வேண்டாம். மெஷினில் துவைக்கலாம், பூச்சி அவ்வளவாகச் சீண்டாது, விலை குறைவு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தினம் துவைக்கிற சாமானுக்கு அதுதான் சரி. கம்பளியின் பலம் வேறு: ஈரம் பட்டாலும் சூடு காக்கும். டொராண்டோவில் பனியில் நடக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். மதுரையில் இருப்பவருக்கு இரண்டுமே வேண்டாம், பருத்தி நூல் எடுங்கள். ஆனால் பருத்திக்கு இழுவை குறைவு, தொங்கும். குல்லாவின் ரிப், அதாவது விளிம்பில் தலையைப் பிடித்து நிற்கும் வரிவரியான பட்டை, நாளடைவில் தொய்ந்துவிடும்.

குத்துமா என்று பார்க்க உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தால் போதாது, அங்கே தோல் தடிப்பு. கழுத்தோரம் காதுக்குக் கீழே இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

‘4 பிளை’ என்று போட்ட இரண்டு உருண்டை வாங்கினேன். ஒன்று மெலிசு, ஒன்று தடிசு. யார் தப்பு?

யார் தப்பும் இல்லை. பிளை என்பது எத்தனை புரி சேர்த்து முறுக்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை. தடித்த நான்கு புரியும் நான்குதான், மெல்லிய நான்கு புரியும் நான்குதான். தடிமன் தெரிய ஒரு ஸ்கேலின் மேல் நூலை இழுக்காமல், இடைவெளி விடாமல் சுற்றுங்கள். ஓர் அங்குலத்தில் 12 சுற்றை ஒட்டி வந்தால் நடுத்தரம். வெளிநாட்டுச் செய்முறைகள் இதை டிகே என்று குறிப்பிடும், 4 மி.மீ. ஊசிக்குப் பொருந்தும். 16 சுற்றுப் பக்கம் போனால் மெலிசு, 3.25 மி.மீ. ஊசிக்கு ஆகும்.

தாளில் லாட் எண் என்று இன்னொன்று இருக்கும். ஒரே சாயத் தொட்டியில் தோய்த்த நூலுக்கு ஒரே எண். நூல் குறைந்து இரண்டு மாதம் கழித்து அதே நிறம் வாங்கினால், கடை விளக்கில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் பட்டை பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். ஓர் உருண்டை கூடவே வாங்கிவிடுங்கள்.

முதல் சாமான் எது பின்னலாம்?

எல்லாரும் மஃப்ளர் என்பார்கள். 40 கண்ணி, 160 செ.மீ. நீளம், எல்லா வரிசையும் நிட் (அடுத்த கேள்வியில் விளக்கியிருக்கிறோம்). கணக்குப் போட்டால் சுமார் 640 வரிசை, 25,600 கண்ணி. புதியவர் நிமிடத்துக்கு 20 கண்ணி போட்டாலும் 21 மணி நேரம். பாதியில் சலித்து மஃப்ளர் பரணுக்குப் போவதில் ஆச்சரியம் இல்லை. ஒரு 20 கண்ணி சதுரம் பின்னிக் கை பழகியதும் நேராகக் குழந்தைக் குல்லாவுக்குப் போய்விடுங்கள். 30 கிராம் நூல், நாலைந்து சாயங்காலம். செய்முறை கீழே இருக்கிறது.

நிட், பர்ல் இரண்டும் வரவில்லை. ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்கள்.

நிட்: நூல் ஊசிக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். இடது ஊசியின் முதல் கண்ணிக்குள் வலது ஊசியை இடப்புறமிருந்து நுழைத்து, முன்னாலிருந்து பின்னால் குத்துங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறி போல நிற்கும். நூலை வலது ஊசி முனையில் இடஞ்சுழியாக ஒரு சுற்று. அந்தச் சுற்றைப் பழைய கண்ணியின் வழியே முன்பக்கம் இழுத்து, பழையதை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள்.

பர்ல்: நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்பக்கம் கொண்டுவாருங்கள். வலது ஊசியை வலப்புறமிருந்து கண்ணிக்குள் விட்டு, முனை முன்னால் நீட்டியிருக்க, மறுபடியும் இடஞ்சுழியாகச் சுற்றிப் பின்பக்கம் தள்ளுங்கள். பழையதை விடுங்கள்.

உண்மையில் இரண்டும் ஒரே பின்னலின் முகமும் முதுகும்தான். முகம் ‘வி’ போல விரியும், முதுகு மேடாகப் புடைக்கும். எல்லா வரிசையும் நிட் போட்டால் கார்ட்டர்; ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று மாற்றினால் கடை ஸ்வெட்டரில் பார்க்கும் வழவழப்பு.

சுற்றும் திசை மாறினால் கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும், அடுத்த வரிசையில் முறுக்கிக்கொண்டு கெட்டியாகிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கால் உண்டு, வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் ஊசியில் 82 கண்ணி ஏற்ற வேண்டும், அதற்காக நுனியில் விட்ட வால் நூல் 70-லேயே தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்.

4 மி.மீ. ஊசிக்கு ஒரு கண்ணிக்கு 2 செ.மீ. என்று வைத்து, மேலே ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். 82 கண்ணிக்கு 164 செ.மீ., கூட ஒரு சாண். மிஞ்சினால் நல்லது, குல்லாவின் பக்கத் தையலுக்கு அதே வால் உதவும். ஏற்றும்போது கை இறுகுகிறவர்கள் இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து அதன்மேல் ஏற்றி, பிறகு ஒன்றை உருவிவிடலாம். இறுகிய ஓரம் நெற்றியில் சிவப்புக் கோடு போடும்.

40 கண்ணியில் தொடங்கினேன், இப்போது 47 இருக்கிறது. எங்கிருந்து வந்தது?

இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று ஓரம். வரிசை திருப்பியதும் நூலைப் பின்பக்கம் கொண்டுபோக ஊசிக்கு மேலாக இழுத்தால், முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி இரண்டு கண்ணி போலக் காட்டும். நீங்களும் இரண்டாகவே பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழே தொங்கவிட்டு, ஊசிக்கு அடியிலிருந்து பின்னால் எடுங்கள்.

இன்னொன்று ரிப். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை ஊசிகளுக்கு நடுவே கொண்டுவராமல் மேலே தூக்கிப் போட்டால், அது ஒரு புதுக் கண்ணியாக உட்கார்ந்துவிடும்; கீழே ஓட்டையும் விழும். புதிதில் நாலு வரிசைக்கு ஒரு தடவை எண்ணுங்கள். நாற்பது வரிசை கழித்து எண்ணினால் அழுகைதான் வரும்.

கண்ணி நழுவி ஏணி மாதிரி இறங்கிவிட்டது!

இழுக்காதீர்கள். நழுவிய கண்ணியில் உடனே ஒரு ஊக்கைக் குத்தி நிறுத்துங்கள். ‘வி’ தெரியும் பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். குரோஷா ஊசியை முன்னாலிருந்து கண்ணிக்குள் விட்டு, அதற்கு மேலே கிடக்கும் முதல் ஏணிப் படியைக் கொக்கியில் பிடித்துக் கண்ணி வழியே இழுங்கள். அடுத்த படி, அதற்கடுத்த படி என்று மேலே வந்து, வலது கால் முன்னால் இருக்கும்படி ஊசியில் மாட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. படிகளை வரிசை மாற்றிப் பிடித்தால் மட்டும் தழும்பு தெரியும்.

வழவழப் பின்னலில் போட்ட மஃப்ளர் ஓலைச் சுருள் போலச் சுருண்டுகொள்கிறது. இஸ்திரி போடலாமா?

சுருளுவது அதன் சுபாவம். முகமும் முதுகும் ஒரே அளவு இழுக்காததால் பக்க ஓரங்கள் பின்னாலும் மேல்கீழ் ஓரங்கள் முன்னாலும் மடங்கும். தொடங்கும்போதே நாலு பக்கமும் ஐந்து கண்ணி, எட்டு வரிசை கார்ட்டர் ஓரம் விட்டிருக்க வேண்டும். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் இழை இளகி, பின்னலின் துள்ளல் போய், வதங்கின வெற்றிலை போலத் தொங்கும். திரும்ப வராது.

மாதிரித் துண்டு பின்னச் சொல்கிறார்களே, அவசியமா?

மஃப்ளருக்கு வேண்டாம். தலைக்கும் உடம்புக்கும் போடுவதற்கு அவசியம். கீழே உள்ள குல்லாவில் தையல் போக 80 கண்ணி நிற்கும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால் சுற்றளவு 36 செ.மீ. சொச்சம். கை தளர்ந்து 20 வந்தால் 40 செ.மீ. கை இறுகி 24 வந்தால் 33. நூல் ஒன்று, ஊசி ஒன்று, கண்ணியும் ஒன்று, ஏழு செ.மீ. வித்தியாசம்.

30 கண்ணி ஏற்றி 12 செ.மீ. உயரம் வழவழப்பாகப் பின்னுங்கள். நனைத்துக் காய வையுங்கள். ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை கண்ணி என்று ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். அரைக் கண்ணியையும் கணக்கில் சேருங்கள். 22-ஐவிடக் கூடினால் ஊசியை அரை மி.மீ. தடிப்பாக்குங்கள், குறைந்தால் மெலிசாக்குங்கள். வேண்டுமென்றே இறுக்கியோ தளர்த்தியோ பின்னிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பத்து வரிசையில் கை பழைய வழிக்கே திரும்பிவிடும்.

3 முதல் 6 மாதக் குழந்தைக்குக் குல்லா: முழுச் செய்முறை வேண்டும்.

இந்த வயதில் தலைச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. இருக்கும். குல்லா அதைவிடச் சின்னதாக இருந்தால்தான் இழுபட்டு நிற்கும். நடுத்தர நூல் 30 கிராம், 3.25 மி.மீ., 4 மி.மீ. ஊசிகள், 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை.

3.25 ஊசியில் 82 கண்ணி ஏற்றுங்கள். முதல் வரிசை: 2 நிட், பிறகு 2 பர்ல், 2 நிட் என்று கடைசிவரை. இரண்டாம் வரிசை: 2 பர்ல், பிறகு 2 நிட், 2 பர்ல் என்று கடைசிவரை. இந்த இரண்டையும் மாற்றி மாற்றி 8 வரிசை. ரிப் ஆயிற்று.

4 மி.மீ. ஊசிக்கு மாறி, ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல். அடியிலிருந்து 10 செ.மீ. வரும்வரை போய், பர்ல் வரிசையில் நிறுத்துங்கள்.

உச்சி குறைத்தல்: 1 நிட், ‘8 நிட், இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒரு நிட்’ என்பதை 8 தடவை, கடைசியில் 1 நிட். 74 கண்ணி நிற்க வேண்டும். அடுத்தது முழுக்க பர்ல். அடுத்த நிட் வரிசையில் 8 நிட்டுக்குப் பதில் 7, அப்போது 66. இப்படி ஒவ்வொரு நிட் வரிசையிலும் ஒன்று குறைத்துக்கொண்டே வந்தால் 58, 50, 42, 34, 26, 18 என்று இறங்கும். கடைசியில் 1 நிட், இரண்டிரண்டாகச் சேர்த்து 8 தடவை, 1 நிட். மீதி 10 கண்ணி. எண்ணிக்கை எங்கே பிசகினாலும் அந்த வரிசையையே பிரியுங்கள், அடுத்த வரிசையில் ஈடுகட்டினால் உச்சியின் எட்டுக் கோடும் கோணலாகும்.

நூலை 40 செ.மீ. விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, 10 கண்ணி வழியாகவும் இரண்டு முறை ஓட்டி இறுக்குங்கள். அதே நூலால் பக்கத்தைத் தையுங்கள். இரண்டு ஓரத்தையும் முகம் மேலே பார்க்க அருகருகே வைத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஓடும் குறுக்கு நூலை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்தால், தையல் இருக்கும் இடமே தெரியாது. இரண்டு பக்கமும் ஓரக் கண்ணி ஒவ்வொன்று உள்ளே போய்விடுவதால், ரிப்பில் இரு ஓரத்து ‘2 நிட்’டும் சேர்ந்து ஒரே ‘2 நிட்’ ஆகிவிடும். 80 போதும் என்ற இடத்தில் 82 ஏற்றியது அதற்காகத்தான்.

அதே குல்லாவைப் பெரிதாக்க முடியுமா?

எட்டின் மடங்கோடு 2 சேர்த்தால் உச்சிக் கணக்கு சரியாக வரும். 6 மாதம் முதல் ஒரு வயது வரை 90 கண்ணி, உச்சிக்கு முன் 11.5 செ.மீ., குறைப்பை ‘9 நிட்’டில் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு, தலை 55-57 செ.மீ. என்றால், 114 கண்ணி, உச்சிக்கு முன் 14 செ.மீ., ‘12 நிட்’டில் தொடக்கம், நூல் 80 கிராம் பக்கம் ஆகும். தாத்தாவுக்குக் காது மூட வேண்டுமானால் ரிப்பை 8 செ.மீ. பின்னி, மொத்த உயரத்தில் 4 செ.மீ. கூட்டுங்கள், மடித்தும் விடலாம். மார்கழிக் காலை நடைக்கு மங்கி குல்லா கேட்கிறவர்கள்கூட இதற்கு ஒத்துக்கொள்வார்கள்.

வளைகாப்புக்குக் கொடுக்கப் போகிறேன். எந்த வயதுக்குப் பின்னுவது?

பிறந்த குழந்தைக்கென்று பின்னினால் ஒரு மாதத்தில் போதாமல் போகும். பிரசவ தேதியை வைத்துக் குளிர்காலத்துக்கு எண்ணுங்கள். லண்டனில் ஜூனில் பிறக்கப்போகும் குழந்தைக்கு டிசம்பரில் ஆறு மாதம், எனவே 90 கண்ணி. ஊட்டியில் நவம்பரில் பிறந்தால் 82-கூட முதலில் பெரிதுதான். அங்கே 74 ஏற்றி, ‘7 நிட்’டில் குறைப்பைத் தொடங்குங்கள், உச்சிக்கு முன் 8.5 செ.மீ. போதும். திருச்சியில் மே மாதம் என்றால் குல்லாவையே விட்டுவிட்டுப் பருத்தி நூலில் ஒரு விரிப்பு போடுங்கள்.

குழந்தைச் சாமானில் எதைத் தவிர்க்க வேண்டும்?

கழுத்தைச் சுற்றிக் கட்டும் நாடா, பொத்தான், மணி, கண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டிக். பொம்மைக்குக் கண்ணை நூலாலேயே தைத்துவிடுங்கள். பொம்மைக்குள் இலவம் பஞ்சு அடைத்தால் துவைத்ததும் கட்டி கட்டியாகிவிடும், பின்னல் இடுக்கு வழியே துகளும் பறக்கும். பாலியஸ்டர் பஞ்சு வையுங்கள்.

காலுறையிலும் கையுறையிலும் பார்க்க வேண்டியது உள்பக்கம். நூல் நீளமாகத் தொங்கினாலோ, பூவேலைக்காக நிறம் மாற்றி நூலைத் தாவவிட்டிருந்தாலோ அது குழந்தையின் சின்ன விரலைச் சுற்றி இறுக்கும். ரத்த ஓட்டம் நின்றுபோகும் அளவுக்கு ஆபத்து. ஓட்டை ஓட்டையான லேஸ் வேலையும் காலுறைக்கு வேண்டாம். குழந்தை வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடச் சொல்லியே கொடுங்கள்.

மிச்ச அக்ரிலிக்கில் அடுப்படிக்குப் பிடிதுணி போடலாமா?

கூடாது. சூடான பாத்திரம் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். பிடிதுணிக்குப் பருத்தி மட்டும்தான், அதுவும் இரண்டு மடிப்பாக. குரோஷா தெரிந்தால் எளிது: 3.5 மி.மீ. ஊசி, நடுத்தரப் பருத்தி நூல், 31 சங்கிலி. இரண்டாவது சங்கிலியிலிருந்து தொடங்கி 30 சிங்கிள் குரோஷா, வரிசை முடிவில் ஒரு சங்கிலி போட்டுத் திருப்பி, சதுரம் ஆகும்வரை. இப்படி இரண்டு துண்டு போட்டுச் சேர்த்துத் தைத்தால் பிடிதுணி. 22 சங்கிலியில் தொடங்கி ஒற்றைத் துண்டாக விட்டால் சுமார் 12 செ.மீ. சதுரம், காபி டபராவுக்கு அடியில் வைக்கலாம். சதுரம் மேலே போகப் போகக் குறுகினால், கடைசிக் கண்ணியை ஒவ்வொரு வரிசையிலும் விட்டுவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இங்கேயும் ஒரு எண் குழப்பம் போலப் பெயர்க் குழப்பம் உண்டு: அமெரிக்கர் சிங்கிள் என்பதை பிரிட்டிஷ்காரர் டபுள் என்பார்கள். மேலே சொன்னது அமெரிக்கப் பெயர்.

வயர் கூடை போடத் தெரியும். பின்னல் சுலபமாக வருமா?

கை ஒரே அழுத்தத்தில் இழுக்கப் பழகியிருக்கும், அது பெரிய முதல். மற்றபடி இரண்டும் வேறு ஜாதி. சிவன் கண்ணோ நெல்லிக்காயோ, கூடையில் ஒவ்வொரு முடிச்சும் தனியாக நிற்கும், பக்கத்து முடிச்சு அவிழ்ந்தாலும் அது அசையாது. பின்னல் ஒரே நூலின் ஓட்டம். அதனால்தான் ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் பிரிகிறது. கூடைக்காரர்கள் முதலில் எல்லாவற்றையும் இறுக்கிவிடுவார்கள். கண்ணி ஊசியில் தடையில்லாமல் நகர வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உருண்டை மாற்றும்போது முடிச்சு போடலாமா?

போடாதீர்கள். முடிச்சு ஒரு நாள் முகத்துக்கு வரும், நெற்றியில் உறுத்தும். வரிசை ஓரத்தில் பழையதையும் புதியதையும் 15 செ.மீ. தொங்கவிட்டு, புது நூலில் பின்னத் தொடங்குங்கள். கடைசியில் தையல் ஊசியால் முதுகுப் பக்க மேடுகளின் ஊடே ஒரு திசையில் 5 செ.மீ. ஓட்டி, திரும்பி எதிர்த்திசையில் 2 செ.மீ. ஓட்டி வெட்டுங்கள்.

கொடுக்கும்போது துவைக்கும் முறையையும் சொல்ல வேண்டுமா?

கம்பளி என்றால் கட்டாயம், ஒரு சீட்டில் எழுதியே வையுங்கள். கம்பளி இழையின்மேல் மீன் செதில் போல அடுக்கு உண்டு. சுடுநீரும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கிபோட்டு, ஸ்வெட்டர் பொம்மைச் சட்டை ஆகிவிடும். ஆறின தண்ணீரில் மென்மையான சோப்பு, பத்து நிமிடம் ஊறல், கசக்காமல் அமுக்கி அலசல். பிழியக் கூடாது, துண்டில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுக்கலாம். கொடியில் போட்டால் தண்ணீரின் பாரத்தில் நீண்டுவிடும், நிழலில் பாயின்மேல் பரப்பிவிடுங்கள். அக்ரிலிக் என்றால், ‘குளிர்ந்த தண்ணீர், இஸ்திரி வேண்டாம்’ என்று எழுதினால் போதும்.

அடுத்த குளிர்காலம்வரை எடுத்து வைக்கும்போது பூச்சி உருண்டை போடலாமா?

பெரியவர்கள் துணிக்கு உங்கள் இஷ்டம். குழந்தைத் துணிக்கு வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு, நாப்தலின் வாடை ஏறிய துணியால் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரக்கூடும். அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரிவதே இல்லை. கற்பூரமும் வேண்டாம்.

துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் மூடினால் பாதி வேலை முடிந்தது. அந்துப்பூச்சியின் புழு தேடி வருவது கம்பளியோடு வியர்வைக் கறையையும்தான், அழுக்கோடு வைத்த துணிதான் முதலில் ஓட்டையாகும். சந்தேகமாக இருந்தால் பையோடு ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காதீர்கள். பைக்கு வெளியே துளிர்க்கும் தண்ணீர் முழுதும் காய்ந்த பிறகு திறந்தால் உள்ளே ஈரம் படாது.